திரையில் ஏறும் மலை: சிமுலேற்றரில் மலை விமான நிலையங்கள் ஓர் ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பலாலி ஓடுபாதை கடல் மட்டத்துக்குச் சுமார் 10 மீற்றர் மேலே, சுண்ணக்கல் தரையில் நீட்டிப் படுத்திருக்கிறது. இறங்க வரும் விமானிக்கு ஒரு பக்கம் பாக்குநீரிணை, மறுபக்கம் தோட்டங்களும் பனங்கூடல்களும். இறக்கம் பிசகினால் எந்தத் திசையிலும் மேலேறிச் சுற்றி வரலாம். இந்தச் சமதரையில் இருந்துகொண்டு கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்கள், பலாலியிலிருந்து சென்னைக்கும் இரத்மலானைக்கும் சில தடவை போய்வந்த கையோடு மலையைத் தேடிப் போய்விடுகிறார்கள். நேபாளத்தின் லுக்லா, பூட்டானின் பாரோ, ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக், பிரான்சின் கூர்ஷெவல் என்று உலகமெங்கும் சிமுலேற்றர் பிரியர்கள் உச்சரிக்கும் பெயர்கள்தான் இங்கும் அடிபடுகின்றன.

பனி மூடிய சிகரமும் பச்சைப் பள்ளத்தாக்கும் கண்ணுக்கு விருந்து என்பது உண்மை. ஆனால் அந்த அழகுக்காக மட்டும் ஒருவர் ஒரே ஓடுபாதையில் திரும்பத் திரும்ப மோதி விழுந்துகொண்டிருக்க மாட்டார். மலை நிலையம் ஏதோ ஒன்றைச் சோதிக்கிறது. அது எது, திரையில் தெரியும் மலை எந்த அளவுக்கு மெய், அதில் பழகியவருக்கு என்ன கைவருகிறது, என்ன வராது என்பவற்றை இக்கட்டுரை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. மலை சோதிப்பது கைத்திறனை அல்ல, எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்ற தீர்மானத்தை என்பதே இதன் முடிபு.

பலாலியும் கணினியும்

பலாலி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்த தளம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற்சேவை இரத்மலானையிலிருந்து இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. ஒரு தலைமுறைக்கு விமான இரைச்சல் என்றால் பதுங்குகுழிக்கு ஓடு என்று அர்த்தமாயிற்று. 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. விமானத்தைக் காசு கொடுத்து ஏறிப்போகும் வாகனமாகப் பார்க்கும் பழக்கம் இங்கே இப்போதுதான் திரும்பி வருகிறது. அதை ஓட்டுவது எப்படி என்ற ஆவல் அதன் பின்னால் வருவது இயல்பு.

அந்த ஆவலுக்குத் தீனி போடும் மென்பொருள்களுக்கு வயது கொஞ்சமல்ல. புரூஸ் ஆர்ட்விக் 1979 இல் அப்பிள் 2 கணினிக்கு எழுதிய பறப்பு மென்பொருளே தொடக்கம். 1982 இல் அது மைக்ரோசொப்டின் பெயரில் வந்தது. 2020 ஓகஸ்டில் வெளியான பதிப்பு செய்மதிப் படங்களையும் இணையத்தையும் கொண்டு உலகம் முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் அடுத்த பதிப்பு வந்தது. இதற்குப் போட்டியாக ஒஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் நிற்கிறது. 1997 முதல் வெளிவரும் ஃபிளைட்கியர் முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். 2020 பதிப்பை ஐரோப்பாவில் பெட்டியில் விற்றபோது உள்ளே 10 டிவிடிகள் இருந்தன என்றால் அதன் பருமனை ஊகிக்கலாம். மாத டேற்றாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஃபிளைட்கியரில் தொடங்குவதே புத்தி.

மலை நிலையங்களில் நான்கு வகை

மலை விமான நிலையம் என்று பொதுவாகச் சொன்னாலும் அவை ஒன்றுபோல் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு சிக்கலை முன்வைக்கிறது.

முதல் வகை, சரிவில் ஒட்டிக் கிடக்கும் குட்டை ஓடுபாதை. லுக்லாவும் கூர்ஷெவலும் இதற்கு உதாரணம். கூர்ஷெவலின் ஓடுபாதை 537 மீற்றர். அதன் ஒரு பகுதி 18.5 வீதச் சாய்வில் ஏறுகிறது. இறங்குவது மேல்நோக்கி, புறப்படுவது கீழ்நோக்கி. கிட்ட வந்தபின் மேலேறித் தப்ப வழியில்லை, எதிரே மலை.

இரண்டாவது, வளைந்த பள்ளத்தாக்குக்குள் ஒளிந்திருக்கும் நிலையம். பாரோ 2,200 மீற்றருக்கு மேலான உயரத்தில், 5,000 மீற்றரைத் தாண்டும் சிகரங்களின் நடுவே இருக்கிறது. ஓடுபாதை 2 கிலோமீற்றருக்கு மேல் நீளம், எயார்பஸ் ஏ319 தாராளமாக இறங்கும். நீளம் இருந்தும் அது கடைசி நேரம் வரை கண்ணுக்குத் தெரியாததே தொல்லை. மலைச்சரிவில் உள்ள வீடுகளை ஒட்டி வளைந்து, கடைசித் திருப்பத்தை முடித்த பிறகுதான் அது நேரே வரும். பகல் வெளிச்சத்தில், தெளிந்த வானிலையில் மட்டுமே இறங்கலாம்; அதற்கென்று தனிப்பயிற்சி பெற்ற மிகச் சில விமானிகளுக்கே அனுமதி. இன்ஸ்புருக் 581 மீற்றர் உயரத்தில் இன் ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ளது. வடக்கே நோர்ட்கெற்றே மலைத்தொடர் 2,000 மீற்றரைத் தாண்டிச் சுவர்போல் எழுகிறது.

மூன்றாவது, உயர்ந்த மேட்டுநிலம். லடாக்கின் லே 3,256 மீற்றர், பொலிவியாவின் எல் அல்ரோ 4,061 மீற்றர். எல் அல்ரோவைச் சுற்றி வெளியான இடம்தான். தடையாக இருப்பது அடர்த்தி குறைந்த காற்று. அதனால்தான் அங்கே ஓடுபாதையே 4 கிலோமீற்றர்.

நான்காவது, குன்றின் தலையைச் சீவி அமைத்த மேசை நிலையம். மங்களூரும் கோழிக்கோடும் இந்த வகை. ஓடுபாதை முடியும் இடத்தில் தரையும் முடிந்துவிடும். 2010 மே 22 இல் மங்களூரில் 158 பேரும், 2020 ஓகஸ்ட் 7 இல் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்த விபத்துகள் இரண்டிலும் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. சிமுலேற்றர் பிரியர்கள் இந்த நான்காம் வகையை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. ஆனால் மலையாளக் கரையில் ஆனி மழை பெய்யும் இரவில் கோழிக்கோட்டில் இறங்கிப் பார்ப்பது லுக்லாவுக்குக் குறையாத பாடம்.

லுக்லா: கிட்ட நின்று ஒரு பார்வை

இந்த நான்கிலும் அதிகம் பேசப்படும் லுக்லாவைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் 1964 இல் அமைந்தது. 2001 இல்தான் ஓடுபாதைக்குத் தார் போட்டார்கள். 2008 இல் டென்சிங், ஹிலாரி இருவர் பெயரும் சூட்டப்பட்டது. உயரம் 2,845 மீற்றர், ஓடுபாதை நீளம் 527 மீற்றர், சாய்வு 11.7 வீதம். கீழ் நுனிக்கும் மேல் நுனிக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறக்குறைய 60 மீற்றர். கீழ் நுனிக்கு அப்பால் பள்ளத்தாக்கு, மேல் நுனிக்கு அப்பால் கற்சுவரும் மலையும்.

ட்வின் ஒட்டர் விமானத்தில் தூத்கோசிப் பள்ளத்தாக்கு வழியே வடக்கு நோக்கி ஏறி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் திரும்பினால் ஓடுபாதை ஒரு சிறு துண்டாகத் தெரிகிறது. இங்கேதான் கண் ஏமாற்றும். மேல்நோக்கி ஏறும் ஓடுபாதை, நாம் அளவுக்கு மிஞ்சிய உயரத்தில் வருவதுபோல் காட்டும். நம்பி இறங்கினால் ஓடுபாதை தொடங்கும் விளிம்புக்குக் கீழே போய்விடுவோம்.

அடுத்தது மூக்கை நிமிர்த்தும் கணக்கு. சமதரையில் 3 பாகைச் சரிவில் இறங்கி வந்து, தரைக்குச் சமாந்தரமாக நிமிர்த்தினால் போதும். லுக்லாவின் தரையோ எதிரே 6.7 பாகை ஏறுகிறது. ஆகவே கீழ்நோக்கிய 3 பாகையிலிருந்து மேல்நோக்கிய 6.7 பாகைக்கு, கிட்டத்தட்ட 10 பாகை அளவுக்குப் பறப்புப் பாதையைத் திருப்ப வேண்டும். இதற்குக் கையில் வேகம் மிச்சம் இருக்க வேண்டும். மெதுவாக வந்தவர் நிமிர்த்தும்போது தூக்குவிசை அறுந்து தரையில் அடிபடுவார். வேகமாக வந்தவருக்கு மேலேயுள்ள சுவர் காத்திருக்கிறது.

மூன்றாவது, காற்றின் அடர்த்தி. நியமக் கணக்குப்படி 2,845 மீற்றரில் காற்று கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அடர்த்திதான். வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் விமானம் உண்மையில் 15 வீதம் கூடிய வேகத்தில் போகும். தரையில் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் அது மூன்றில் ஒரு பங்கு அதிகம். நிறுத்துவதற்கு ஓடுபாதையின் ஏற்றம் கைகொடுக்கிறது. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் இவ்வளவு குட்டை ஓடுபாதையில் நிறுத்துவது இன்னும் கடினம். புறப்படும்போது என்ஜினும் இறக்கையும் அதே மெல்லிய காற்றில் திணறும். அப்போது கைகொடுப்பது இறக்கம்.

இந்த மூன்று கணக்கும் சிமுலேற்றரில் அச்சொட்டாக வேலை செய்கின்றன. தூரமும் கோணமும் அடர்த்தியும் எண்களால் ஆனவை. எண்களைக் கணினி நன்றாகக் கையாளும். ஆனால் 2008 ஒக்டோபர் 8 இல் லுக்லாவில் 18 பேர் இறந்தது கணக்குப் பிழைத்ததால் அல்ல. இறக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மூடுபனி ஓடுபாதையை மறைத்துவிட்டது. விமானி ஒருவர் மட்டும் உயிர் தப்பினார்.

மலை எப்படித் திரைக்கு வருகிறது

சிமுலேற்றர் மலைகளுக்கு அடித்தளம் உயரத் தரவு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் ராடார் கொண்டு பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 வீதத்தை அளந்தது. பல மென்பொருள்களுக்கு நெடுங்காலம் அதுவே ஆதாரம். முதலில் உலகுக்குக் கிடைத்தது 90 மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலான தரவு. அந்தக் கணக்கில் லுக்லா ஓடுபாதை முழுவதும் ஆறு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்க்கும் ராடாருக்குச் செங்குத்தான சரிவின் மறுபக்கம் நிழலாகிவிடும். அங்கே தரவில் ஓட்டை விழும். வேறு வழியில் நிரப்புவார்கள். அதாவது மலை எங்கே மிகக் கடுமையோ அங்கேதான் அளவும் மிக மோசம். சமதரையிலும் பிழை இல்லாமல் இல்லை. ராடார் மரக்கூட்டத்தின் தலையையும் சேர்த்து அளப்பதால் பனங்கூடல் உள்ள இடத்தில் சில மீற்றர் பொய்மேடு தோன்றலாம். பலாலியில் அது யாரையும் கொல்லாது. பாரோவின் கடைசி வளைவில் சில மீற்றருக்கு மதிப்பு உண்டு.

ஓடுபாதைச் சாய்வும் நெடுநாள் குறையாகவே இருந்தது. 2006 இல் வந்த மைக்ரோசொப்ட் பதிப்பில் ஓடுபாதை என்றால் தட்டையாகத்தான் இருக்கும். லுக்லாவைச் சாய்வோடு காட்ட வெளியார் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்-பிளேன் இதில் முந்திக்கொண்டது. 2020 பதிப்பில் லுக்லா, பாரோ, கூர்ஷெவல், அமெரிக்காவின் ரெலுரைட், நியூசிலாந்தின் குயின்ஸ்ரவுன் போன்றவை கையால் செதுக்கி உள்ளே வைக்கப்பட்டிருந்தன. அந்த நிறுவனம் கையால் செய்யத் தேர்ந்தெடுத்தவற்றில் மலை நிலையங்கள் இத்தனை இருப்பது வாங்குபவர்கள் எங்கே பறக்க விரும்புகிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

காற்றில்தான் தடுமாற்றம்

கல்லையும் மண்ணையும் ஓரளவு சரியாக்கிய சிமுலேற்றர் தடுமாறுவது காற்றில்தான். மலையில் காற்று ஓரிடத்தில் ஏறும், பக்கத்திலேயே விழும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகிப் பள்ளத்தாக்குக் காற்று வலுக்கும். லேயிலும் லுக்லாவிலும் சேவைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளப் பார்ப்பது இதனால்தான். இன்ஸ்புருக்கில் தெற்கிலிருந்து அல்ப்ஸைத் தாண்டி இறங்கும் ஃபோன் காற்று விமானத்தை உலுக்கி எடுக்கும்.

இந்தக் காற்றை விளங்கிக்கொள்ள நாம் ஐரோப்பா போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் சோளகம் அடிக்கும் அதே மாதங்களில், தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே வறண்ட சுடுகாற்றாக இறங்குகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். ஃபோனும் கச்சானும் ஒரே பௌதிகம்: ஏறும்போது ஈரத்தை இழந்த காற்று, இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது.

புதிய சிமுலேற்றர்கள் மலைமுகத்தில் மோதும் காற்றை மேலேற்றி, மறுபக்கம் கீழிறக்கிக் காட்டுகின்றன. நேரடி வானிலையையும் இணையத்தில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் உலகளாவிய வானிலைக் கணிப்புகள் பூமியைப் பல கிலோமீற்றர் அகலச் சதுரங்களாகப் பிரித்துப் பார்ப்பவை. அந்தச் சதுரத்துக்குள் ஒரு முழுப் பள்ளத்தாக்கே தொலைந்துபோகும். ஆகவே திரையில் லுக்லாவின் காற்று சாந்தமாக இருந்தால் அது லுக்லாவின் காற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் மலைநாடு

இலங்கையின் மலைநாட்டில் பெரிய விமான நிலையம் எதுவும் இல்லை. நீர்த்தேக்கத்தில் இறங்கும் கடல்விமானச் சேவை காசல்ரீக்கு உண்டு. ஆனாலும் இந்நாட்டின் மிகப் பெரிய விமான விபத்து மலையில்தான் நடந்தது. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவுக்கு வரும் வழியில் நோர்ட்டன்பிரிட்ஜ் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 யாத்திரிகர்களும் 9 ஊழியர்களும் இறந்தார்கள். நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு, இன்னும் மலைக்கு மேலே இருக்கும்போதே விமானத்தை இறக்கியிருந்தார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நல்ல நிலையிலுள்ள விமானத்தை மலையில் கொண்டுபோய் மோதுவது உலகெங்கும் மலைநாட்டு விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை. நேபாளத்திலும் 1992 ஜூலையில் தாய் எயார்வேசின் விமானம் இப்படியே மோதி 113 பேர் இறந்தார்கள்.

குடாநாட்டில் இருந்து பழகுபவருக்கு இமயத்தைவிட எங்கள் மலைநாடே நல்ல பாடசாலை. செஸ்னா 172 இல் பலாலியிலிருந்து கிளம்பி, ஏ9 வீதியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு தெற்கே போகலாம். ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை வரை தரை கிட்டத்தட்ட மட்டம். மாத்தளையில் இடப்பக்கம் நக்கிள்ஸ் தொடர் 1,800 மீற்றருக்கு மேல் எழும். கண்டியை அடைய ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம். அங்கிருந்து மகாவலியைப் பிடித்துக் கம்பளை, நாவலப்பிட்டி, அப்பால் அட்டன், காசல்ரீ. பள்ளத்தாக்கு போகப் போக ஒடுங்கும், தரை போகப் போக ஏறும். கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறிய செஸ்னா 10,000 அடியில் அதில் பாதிகூட ஏறாது.

இங்கே ஒரு கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். 90 நொட் வேகத்தில் இறக்கையை 30 பாகை சாய்த்துத் திரும்பினால், வந்த வழிக்கு முகம் திருப்ப ஏறக்குறைய 750 மீற்றர் அகலம் வேண்டும். 120 நொட்டில் அதே திருப்பத்துக்கு 1,350 மீற்றர். 45 பாகை சாய்த்தால் 90 நொட்டில் 440 மீற்றர் போதும், ஆனால் தூக்குவிசை அறும் வேகம் 19 வீதம் கூடிவிடும். பள்ளத்தாக்கின் அகலம் இந்த எண்ணுக்குக் கீழே போகும் இடத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். நடுவில் போகாமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறப்பது முழு அகலத்தையும் திருப்பத்துக்கு விட்டுவைக்கத்தான்.

கைவருவதும் வராததும்

வழியை மனதில் பதிப்பது, எந்த இடத்தில் எந்த உயரம், எந்த வேகம், எந்த அளவு ஃபிளாப் என்ற ஒழுங்கு, கண்மயக்கை அறிந்து கருவியை நம்புவது, திரும்பும் எல்லையைப் பறக்கும் முன்பே குறித்துக்கொள்வது ஆகியவை சிமுலேற்றரில் நன்றாகக் கைவரும். விமானக் கொம்பனிகளும் கடினமான நிலையங்களுக்குத் தம் விமானிகளைச் சிமுலேற்றரில்தான் முதலில் பழக்குகின்றன. அவர்களுடையது முழுதும் அசையும் இயந்திரம், பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார் என்பது வித்தியாசம்.

கைவராதவையும் தெளிவாகவே உள்ளன. கதிரை உடம்பைத் தூக்கி எறியாது. மெல்லிய காற்றில் மூச்சு வாங்காது, மூளை மந்தமாகாது. தட்டைத் திரையில் தூரத்தின் ஆழம் சரியாகத் தெரியாது. தலையில் மாட்டும் திரை அதை ஓரளவே திருத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணிகள் பொறுமை இழப்பதில்லை, எரிபொருளுக்குக் காசு போவதில்லை. மோதினால் ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பத் தொடங்கலாம். மலையில் விமானிகளைக் கெட்ட முடிவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்த நெருக்கடிகள்தான். அவை இல்லாத இடத்தில் எடுத்த முடிவுக்குப் பெறுமதி குறைவு.

ஆகவே மீளத் தொடங்கும் பொத்தான்தான் சிமுலேற்றரின் பெரிய வசதியும் பெரிய கேடும். இதற்கு மருந்து பழகுபவரின் கையிலேயே இருக்கிறது. ஒரு பறப்பை ஒரே தடவைதான் ஓட்டுவது என்று விதி வைத்துக்கொள்ளலாம். வானிலையைத் தன் விருப்பத்துக்கு மாற்றாமல் அன்றைக்கு வருவதை ஏற்கலாம். புறப்படும் முன்பே திரும்பும் இடத்தைத் தாளில் குறித்து, அந்த இடத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால் எவ்வளவு கிட்ட வந்திருந்தாலும் திரும்பிவிடலாம். பறப்புக் குறிப்பேட்டில் இறங்கியவற்றுக்கு ஒரு நிரல் போடுவதுபோல் இறங்காமல் திரும்பியவற்றுக்கும் ஒரு நிரல் போடலாம். மலையில் எவ்வளவு பழகியிருக்கிறோம் என்பதை அளக்க முதல் நிரலைவிட இரண்டாவது நிரலே உதவும்.